உமிழ்வு குறைஞ்சது எங்களாலயா, மழையாலயா? ஆண்டறிக்கை எழுதுறவங்க கொஞ்சம் வாங்க

கொட்டாஞ்சேனைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். ஏழு வருசமா கணக்குப் பக்கம் இருந்தேன். போன வருசம் "உனக்குத்தான் எக்செல் நல்லா வருமே" என்று சொல்லி சஸ்டெய்னபிலிட்டி (சூழல் பேண்தகைமை) பைலையும் என் மேசையில வச்சிட்டாங்க. கம்பனி பேர் வேணாம். ஹெட் ஆபீஸ் கொழும்பில. உடுப்பு பெக்டரி ஹங்வெல்ல தாண்டி இருக்கு. சொந்தமா வோஷிங் பிளான்ட் உண்டு. கழுவின தண்ணி சுத்திகரிச்சு ஓடைக்குப் போய், ஓடை களனி கங்கைக்குப் போகுது.

ஆண்டறிக்கைக்கு ரெண்டு வரி கேட்டாங்க. கேட்டாங்க என்ன, அவங்களே எழுதி அனுப்பிட்டாங்க, நான் நம்பரை மட்டும் போடணுமாம்:

"எமது இடையறாத அர்ப்பணிப்பின் பயனாக, 2022ஆம் ஆண்டோடு ஒப்பிடுகையில் உமிழ்வு __ சதவீதம் குறைந்துள்ளது. ஓர் ஆடைக்கான நீர்ப் பாவனை __ சதவீதம் குறைந்துள்ளது."

நம்பர் இருக்கு. (உமிழ்வு என்றா நாங்க காத்தில விடுற, பூமியைச் சூடாக்குற வாயு.) ரெண்டுமே அழகான நம்பர். எனக்கு முள்ளா குத்துறது "அர்ப்பணிப்பின் பயனாக"தான்.

2022ல என்ன நடந்ததுன்னு இங்க யாருக்கும் சொல்லத் தேவையில்ல. மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்ல. டீசலுக்கு பவுசர் (டாங்கி லொறி) பின்னால ஓடினோம். அந்த வருசம் முழுக்க ஜெனரேட்டர்தான் பெக்டரியை இழுத்தது. 2023 பெப்ரவரியில கட்டணத்தை 66% ஏத்தினாங்க, அதோட கரண்ட் வெட்டும் நின்னது. ஜெனரேட்டர் மூலையில தூங்குது. அதே 2023ல ஓடரும் விழுந்திருச்சு, ரெண்டு லைன் மூடினோம். ஆக உமிழ்வு குறையாம என்ன செய்யும்?

மேலிடத்தில கேட்டா "நம்பர் பொய்யா?" என்கிறாங்க. பொய் இல்ல. ஆனா நான் கையெழுத்து வைக்கிற இடத்துக்கு மேல இப்படி ஒரு வரி இருக்கிறது சரியாப் படல்ல. நீங்க என்ன செய்வீங்க?

கணக்குப்பிள்ளை:

தங்கச்சி, நம்பர் பொய் இல்லை, "பயனாக" என்பதுதான் பொய். உங்களுக்கே அது தெரிந்துவிட்டது, ஆதாரம்தான் தேடுகிறீர்கள். தருகிறேன்.

பட்டயக் கணக்காளர் நிறுவகம் கொண்டுவந்த எஸ்எல்எஃப்ஆர்எஸ் எஸ்1, எஸ்2 என்ற நிலைபேறு, காலநிலை அறிக்கை நியமங்கள் இரண்டும் 2025 ஜனவரி 1இலிருந்து, சந்தை மூலதனப்படி கொழும்புப் பங்குச் சந்தையின் முதல் 100 கம்பனிகளுக்குப் பொருந்தும். 2023 ஜூனில் உலக அளவில் வெளியான நியமங்களின் உள்ளூர் வடிவம் அது. அதுவரை இந்த அறிக்கை மார்க்கெட்டிங் பிரிவின் சொத்து: பச்சை நிறம், ஒரு மரக்கன்று, கையில் மண். இனி அது நிதிக் கூற்றுகளோடு ஒன்றாக வாசிக்கப்படும். முதலீட்டாளரைத் தவறாக எண்ண வைக்கும் வாக்கியத்துக்கு இனிப் பதில் சொல்ல ஆள் வேண்டும். உங்கள் கம்பனி அந்த நூறுக்குள் இல்லாவிட்டாலும், நூறுக்குள் இருப்பவன் உங்களிடம் நம்பர் கேட்பான். உமிழ்வை மூன்றாகப் பிரிப்பார்கள்: நாமே எரிப்பதும் கசியவிடுவதும் ஸ்கோப் 1, வாங்கும் கரண்ட் ஸ்கோப் 2, சப்ளையர் போன்ற மற்றவர்களிடம் வருவது ஸ்கோப் 3. அவனுடைய ஸ்கோப் 3 நீங்கள்தான்.

அடிப்படை ஆண்டு, அதாவது நீங்கள் ஒப்பிட எடுத்த 2022 பற்றி. உமிழ்வைக் கணக்கிடும் உலக விதிநூலான ஜீஎச்ஜீ புரோட்டகோல் சொல்வது: கம்பனியை வாங்கினால், ஒரு பகுதியை விற்றால், கணக்கிடும் முறை மாறினால், பெரிய பிழை அகப்பட்டால் அடிப்படை ஆண்டைத் திருத்திக் கணக்கிட வேண்டும். உற்பத்தி கூடினதற்கும் குறைந்ததற்கும் திருத்த முடியாது. ஆனால் ஓர் ஆண்டு வழக்கத்துக்கு மாறானதாக இருந்தால், சில ஆண்டுகளின் சராசரியை அடிப்படையாக எடுக்க அதே புரோட்டகோல் இடம் தருகிறது. 2022 வழக்கத்துக்கு மாறான ஆண்டு இல்லை என்று யாராவது சொன்னால், அவர் அந்த ஆண்டில் இலங்கையில் இருக்கவில்லை.

இன்னொன்றும் பாருங்கள். ஸ்கோப் 2, அதாவது வெளியில் வாங்கும் கரண்ட். இந்த ஆண்டு யூனிட்டை அடிப்படை ஆண்டின் உமிழ்வுக் காரணியால் (ஒரு யூனிட் கரண்டுக்கு எத்தனை கிலோ கார்பன் டையொக்சைட் என்ற எண்) பெருக்குங்கள். அதன்பின் இந்த ஆண்டின் காரணியால் பெருக்குங்கள். இரண்டுக்கும் இடையில் வரும் வித்தியாசத்தில் உங்கள் கம்பனிக்கு ஒரு சதப் பங்கும் கிடையாது. மழை நல்லாயிருந்தால் நீர்மின் கூடும், காரணி இறங்கும். 2017 போல வறட்சி வந்தால் நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரியும் எண்ணெயும் சேர்ந்து காரணியை ஏற்றும். அப்போது உங்கள் மேலிடம் "எமது அலட்சியத்தின் பயனாக உமிழ்வு கூடியது" என்று எழுதுமா?

வெள்ளவத்தை வெயில்:

எங்கட எம்டிக்கு குடுக்கிற போனஸில பாதியை வருண பகவானுக்கு அனுப்பச் சொல்லுங்கோ 😂

பொயிலர்க்காரன்:

நான் பெக்டரிப் பக்கம். இருபது வருசம் நீராவியோட குடித்தனம். கணக்குப்பிள்ளை சேர் சொன்னது சரி, ஆனா அது கரண்டோட நிக்குது. உண்மையான கள்ளக்கணக்கு பொயிலர் அறையிலயும் கூரையிலயும்தான்.

ஜெனரேட்டரை முதல்ல எடுப்போம். மணிக்கு 80 லீட்டர் குடிச்சு 300 கிலோவாட் தர்ற மெஷின் என்று வைங்க. ஒரு லீட்டர் டீசல் எரிஞ்சா 2.68 கிலோ கார்பன் டையொக்சைட். அப்போ ஒரு யூனிட்டுக்கு கிட்டத்தட்ட 0.71 கிலோ வருது. நிலக்கரியை மட்டும் எரிச்சு எடுக்கிற கரண்டை விடக் குறைவு, நீர்மின் கலந்து வர்ற கரண்டை விடக் கூட. ஜெனரேட்டரை நிப்பாட்டினா அந்த உமிழ்வு ஸ்கோப் 1ல இருந்து கிளம்பி ஸ்கோப் 2ல போய் உக்காரும். முழுசா மறையாது. ஸ்கோப் 1 வரைபடத்தை மட்டும் பெரிசாப் போட்டு ஸ்கோப் 2வை அடிக்குறிப்பில ஒளிக்கிறவங்களை நான் பார்த்திருக்கேன்.

அடுத்தது விறகு. நம்ம ஊர் பெக்டரிகள் நிறைய உலை எண்ணெயை விட்டுட்டு இறப்பர் விறகுக்கும் கிளிசிரியாவுக்கும் மாறிச்சு. கணக்கில ஒரே நாள்ல ஸ்கோப் 1 விழுந்திரும். ஏன்னா விறகு எரியிறப்போ வர்ற கார்பன் டையொக்சைட்டை மூணு ஸ்கோப்புக்கும் வெளியில தனியா காட்டணும் என்பதுதான் விதி. மரம் திரும்ப வளரும், உறிஞ்சிக்கும் என்கிற எண்ணத்தில. மீதேனும் நைட்ரஸ் ஒக்சைட்டும் மட்டும் ஸ்கோப் 1ல வரும், அது கொஞ்சூண்டு. விதியில தப்பில்ல. ஆனா அந்தத் தனி வரியை உங்க அறிக்கையில தேடிப் பாருங்க தங்கச்சி, இருக்கான்னு. லொறியில வர்ற விறகு எந்தத் தோட்டத்தில இருந்து வருது, வெட்டின இடத்தில திரும்ப நட்டாங்களா, யார் கேட்டாங்க? மழைக்காலத்தில நனைஞ்ச விறகு வந்திறங்கும், பாதிச் சூடு தண்ணியை ஆவியாக்கிறதிலயே போயிரும். புகைபோக்கியைப் பார்த்தே சொல்லலாம், இன்னைக்கு விறகு ஈரம்னு.

கூரைக்கு வருவோம். ஏசி கேஸ். ஆர்-410ஏ என்கிற கேஸ் ஒரு கிலோ கசிஞ்சா ஏறக்குறைய 2,000 கிலோ கார்பன் டையொக்சைட்டுக்குச் சமம். ஒரு வருசத்தில பத்துக் கிலோ திரும்ப நிரப்பினா 20 தொன். கிட்டத்தட்ட 7,460 லீட்டர் டீசல் எரிச்சதுக்குச் சமம். ஏசிக்காரன் பில்லில "கேஸ் டொப்-அப்" என்று மட்டும் எழுதிட்டுப் போவான், கிலோவை எழுத மாட்டான். பழைய மெஷின்ல ஆர்-22 இருந்தா இன்னும் வேடிக்கை. அது ஓசோனுக்கான மொன்ட்ரியல் உடன்படிக்கைக்குள்ள வர்ற கேஸ், கியோட்டோ காலநிலை உடன்படிக்கைப் பட்டியல்ல இல்ல. அதனால அதுவும் ஸ்கோப்புக்கு வெளியில. வெப்பத்தைப் பிடிக்கிறதில 1,800 மடங்கு, அறிக்கையில பூச்சியம்!

உண்மையா "எங்களால குறைஞ்சது" என்று சொல்லணும்னா, அயர்ன் டேபிளுக்குப் போற நீராவி லைனைப் பாருங்க. ஸ்டீம் ட்ராப் (நீராவியைத் தடுத்து, ஆறித் தண்ணியானதை மட்டும் விடுற வால்வு) ஒண்ணு திறந்தபடி நின்னுட்டா நீராவி நேரா கொண்டன்சேட் (அந்த ஆறின தண்ணி) குழாய்க்குப் போயிரும், பில் மட்டும் ஏறும். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒண்ணை எடுத்து நுனியை ட்ராப்பில வச்சு, பிடியைக் காதில வைங்க. நல்ல ட்ராப் விட்டு விட்டு "டக்... டக்" என்கும். கெட்டது ஒரே இரைச்சலா "ஷ்ஷ்" என்கும். அதைத் திருத்தினதால மிச்சமான விறகு எவ்வளவுன்னு எழுதுங்க. அது உங்க நம்பர். யாரும் பறிக்க முடியாது.

கொட்டாஞ்சேனைக்காரி:

அண்ணே, ஏசி பில் பைலை இப்பதான் எடுத்துப் பார்த்தேன். மூணு வருசத்தில பதினொரு "டொப்-அப்". ஒண்ணில கூட கிலோ இல்ல. எங்க அறிக்கையில கேஸ் கசிவு என்கிற வரியே இல்ல. விறகுக்குத் தனி வரியும் இல்ல.

சந்தையாளன்:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். இங்க எல்லாரும் கம்பனியை மட்டும் குத்துறீங்க. பையர்ட பக்கத்தையும் கொஞ்சம் பாருங்க.

வருசத்துக்கு நாலு கேள்விக்கொத்து வருது. ஒவ்வொரு பிராண்டுக்கும் ஒவ்வொரு போர்ட்டல். தண்ணி எவ்வளவு, இரசாயனம் என்ன, சோலார் எவ்வளவு. எல்லாத்தையும் நிரப்பி, ஓடிட்டரைக் கூட்டி வந்து, சாப்பாடு குடுத்து அனுப்பினா, அடுத்த மாசம் அதே பிராண்டோட கொள்முதல்காரன் ஒரு உடுப்புக்கு அஞ்சு சதம் குறைக்கச் சொல்றான். சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செலவழிச்ச காசை எங்கே போடுறது? பங்களாதேஷ்காரன் குறைச்சுக் குடுக்கிறான். இந்த வரி கொஞ்சம் பளபளன்னு இருந்தாத்தான் ஓடர் வரும், ஓடர் வந்தாத்தான் ரெண்டு லைனில நின்ன பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிடலாம். ஐரோப்பாக்காரன் கார்பன் வரி வேற போடப் போறான். அப்போ நல்ல நம்பர் இல்லாட்டி உடுப்பை எடுக்கவே மாட்டான்.

கணக்குப்பிள்ளை:

விலையைப் பற்றிச் சொன்னது உண்மை, அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் கார்பன் வரி பற்றிச் சொன்னது தவறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் அந்த எல்லைவரி இப்போது இரும்பு உருக்கு, அலுமினியம், சீமெந்து, உரம், ஐதரசன், மின்சாரம் ஆறுக்கும்தான். உடுப்பு அதில் இல்லை. அதைக் காட்டி யாரையும் பயமுறுத்தவும் வேண்டாம், அதைக் காரணம் சொல்லி நம்பரைப் பளபளப்பாக்கவும் வேண்டாம்.

கொலன்னாவைக் கரை:

கார்பனைப் பத்தியே பேசிட்டிருக்கீங்க. அந்தப் பிள்ளை ரெண்டாவது வரியையும் கேட்டிருக்கு. "ஓர் ஆடைக்கான நீர்ப் பாவனை."

எனக்கு அந்த வரியைக் கண்டாலே எரிச்சல். கார்பன் எங்க விட்டாலும் ஒரே வானம்தான். தண்ணி அப்படியா? ஹங்வெல்லவில விட்டது கடுவெல வழியா அம்பத்தலைக்கு வரும். அம்பத்தலையில இறைச்சுச் சுத்தப்படுத்திக் கொழும்புக்கு அனுப்புறாங்க. களனி 145 கிலோமீட்டர் ஓடி வந்து கடைசியில நம்ம குழாயில விழுது. ஹெட் ஆபீஸில இருக்கிற உங்க எம்டி குடிக்கிற தேத்தண்ணியும் அதுதான்.

நான் கொஞ்சக் காலம் தண்ணி மாதிரி எடுக்கிற வேலையில இருந்தவன். ஐஸ் பெட்டி, போத்தல், லேபல், முழங்கால் வரைக்கும் சேறு. பெக்டரி தண்ணியை ஆத்தில விடுறதுக்கு நம்ம ஊர்ப் பொது எல்லை பீஓடீ (நுண்ணுயிர் தின்னக்கூடிய அழுக்கோட அளவு) லீட்டருக்கு 30 மில்லிகிராம், சீஓடீ (இரசாயன முறையில அளக்கிற அழுக்கு) 250, தொங்குதிண்மம் (தண்ணியில மிதக்கிற துகள்) 50. இது செறிவுக் கணக்கு. இதில ஒரு சிக்கல் இருக்கு, ஆபீஸ் ஆட்கள் யாரும் யோசிக்கிறதில்ல. ஒரு நாளைக்கு 200 கன மீட்டர் தண்ணி விடுறீங்க, பீஓடீ 30 என்று வைங்க. ஆத்துக்குப் போற அழுக்கு 6 கிலோ. இப்போ "தண்ணி சேமிச்சோம்" என்று பாதியாக் குறைச்சு 100 கன மீட்டர் விடுறீங்க. அழுக்கு அதே 6 கிலோ, செறிவு மட்டும் 60. அனுமதிப்பத்திர எல்லையைத் தாண்டியாச்சு. பிளான்ட் ஒபரேட்டர் பாவம் என்ன செய்வான்? சத்தமில்லாம குழாய்க்கிணத்துத் தண்ணியைக் கலந்து விடுவான். அறிக்கையில சேமிப்பு, நிலத்தடியில இறைப்பு. இப்படி ஒண்ணை நானே கண்டேன். சாம்பல் நிற ஹோஸ் ஒண்ணு, ரெண்டு வாழை மரத்துக்கு இடையில, கடைசித் தொட்டிக்குள்ள ஓடிட்டிருந்தது. எதுக்குன்னு கேட்டா "வாழைக்கு" என்றான்.

அதனால தண்ணியை லீட்டர் கணக்கில மட்டும் பார்க்காதீங்க. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ அழுக்கு ஆத்துக்குப் போகுது, எந்த மாசத்தில போகுது என்று பாருங்க. நவம்பரில ஆறு நிறைய ஓடும்போது விடுற 6 கிலோவும், பெப்ரவரி மார்ச்சில ஆறு மெலிஞ்சு கிடக்கும்போது விடுற 6 கிலோவும் ஒண்ணில்ல. மணல் அள்ளி அள்ளி ஆத்துப் படுக்கை தாழ்ந்து, வரட்சிக் காலத்தில கடல் உப்பு அம்பத்தலை வரைக்கும் ஏறி, அதைத் தடுக்க ஆத்துக்குக் குறுக்கே தடுப்புப் போட வேண்டி வந்த ஆறு இது. சாயம் போடுறவங்க இன்னும் பயங்கரம். பருத்திக்குச் சாயம் ஏற உப்பைக் கொட்டணும், அந்த உப்பை நுண்ணுயிர்த் தொட்டி தின்னாது, அப்படியே வெளியில போகும்.

2015 ஆகஸ்டில ஒரு குளிர்பானத் தொழிற்சாலையில இருந்து டீசல் கசிஞ்சு களனியில கலந்து, கொழும்புக்குத் தண்ணியை நிப்பாட்ட வேண்டி வந்தது ஞாபகம் இருக்கா? அந்த வருசமும் "ஒரு போத்தலுக்கான நீர்ப் பாவனை" அழகாத்தான் இருந்திருக்கும்.

சுன்னாகத்தான்:

கொலன்னாவை அண்ணை, கைகுடுங்கோ. நான் இப்ப வெள்ளவத்தையில. பிறந்த வீடு யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். எங்கட கிணத்தில வாளியை இறக்கித் தூக்கினா மேல வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம் நிக்கும். அம்மம்மா முதல்ல வாளியில எண்ணெய் பூசியிருக்கு எண்டு சொல்லிப் புளி போட்டு மினுக்கினவ. பிறகு பக்கத்து வீட்டுக் கிணறு, அதுக்குப் பக்கத்து வீடு. மின் நிலைய எண்ணெய்க் கழிவு. 2019 ஏப்ரலில உயர் நீதிமன்றம் அந்தக் கம்பனியை 20 மில்லியன் ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. காசு சரி. யாழ்ப்பாணத்தில ஆறு இல்லை, நிலத்துக்குக் கீழ சுண்ணக்கல்லுக்குள்ள இருக்கிற தண்ணிதான் எங்கட ஆறு. அதில விழுந்தது அடுத்த மழைக்குக் கடலுக்குப் போகாது.

வெலிவேரியவில 2013 ஆகஸ்ட் முதலாந் திகதி நல்ல தண்ணி கேட்டு றோட்டுக்கு வந்த சனத்தில மூண்டு பேர் கொல்லப்பட்டவை. அதுவும் ஒரு பெக்டரிக்குப் பக்கத்துக் கிணறுகள்தான் துவக்கம்.

சந்தையாளன் தம்பி, ஓடர் போகும் எண்டு பயப்பிடுறியள், விளங்குது. கிணறு போனா என்ன செய்யிறது எண்டும் ஒரு போர்ட்டலில கேக்கச் சொல்லுங்கோ.

தேயிலைத்தூள்:

நம்ம மலைப்பக்கத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கோங்க. நான் தேயிலைக் கம்பனி ஒண்ணோட கொழும்பு ஆபீஸில இருக்கேன், வீடு நோட்டன் பக்கம்.

கொலன்னாவை அண்ணன் சொன்ன களனி எங்க இருந்து வருதுன்னு யோசிங்க. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து வர்றதுதான் அது. அந்த ரெண்டிலயும்தான் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள். அந்தத் தண்ணி நோட்டன், லக்ஷபான, பொல்பிட்டிய என்று ஒவ்வொரு டர்பைனா சுத்திட்டுக் கீழ வருது. கொட்டாஞ்சேனை அக்கா, உங்க ஸ்கோப் 2வைக் குறைச்ச மழையும், உங்க வோஷிங் பிளான்ட் தண்ணியை நீர்க்க வைக்கிற மழையும் எங்க லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) கூரையில பெய்ற அதே மழைதான். கம்பனி அறிக்கையில அது ரெண்டு அத்தியாயம்: பக்கம் 64 காலநிலை, பக்கம் 71 நீர். ரெண்டுக்கும் நடுவில ஜூன் 5ஆம் திகதி மரம் நட்ட படம்.

எங்க பக்கத்துக் கூத்து வேற. தேயிலையை வாட்டவும் காயவைக்கவும் விறகுதான், பொயிலர்க்கார அண்ணன் சொன்ன "வெளியில எழுதுற" கணக்கு. மிச்சத்துக்குக் கார்பன் வரவு (வேற எங்கேயோ உமிழ்வைக் குறைச்சதுக்கான சான்று) வாங்கி, டப்பாவில "கார்பன் நடுநிலைத் தேநீர்" என்று இலை படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டுறது. அதுக்கு இனிக் காலம் முடியுது. வரவு வாங்கி ஈடுகட்டினதை வச்சு ஒரு பொருள் காலநிலைக்குப் பாதிப்பில்லாததுன்னு நுகர்வோருக்குச் சொல்லக் கூடாதுன்னு ஐரோப்பிய ஒன்றியம் 2024ல ஒரு பணிப்புரை போட்டிருக்கு, 2026 செப்டெம்பர் 27ல இருந்து நடைமுறை. எங்க பெக்கிங் பிரிவில ஸ்டிக்கர் ரோல் இன்னும் ரெண்டு அலமாரி நிறைய இருக்கு. அதை எங்க முடிக்கிறதுன்னு யோசிக்கிறாங்க. அதைத்தான் யோசிக்கிறாங்க!

இன்னொண்ணு. நீர்ப் பராமரிப்புக்கு அலையன்ஸ் ஃபொர் வோட்டர் ஸ்டூவர்ட்ஷிப் என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கு. 2019ல வந்த பதிப்பில அஞ்சு விளைவு கேக்குது: நல்ல நிர்வாகம், நிலையான நீர்ச் சமநிலை, நல்ல நீர்த்தரம், முக்கியமான நீர்சார் இடங்களோட நலம், கடைசியா எல்லாருக்கும் சுத்தமான குடிநீர், கழிவறை, சுகாதாரம். அந்த அஞ்சாவது முதல் பதிப்பில இல்ல, பிறகு சேர்த்தது. எங்க கம்பனிக்கு முதல் நாலும் பிடிச்சிருக்கு. அஞ்சாவது வந்தா லயத்தைப் பத்தி எழுதணும். ஒரு லயத்துக்கு ஒரு பீலி (தண்ணி விழுற குழாய்), காலையில வாளி வரிசை, மழை பெஞ்சா கலங்கல். நீர்த்தேக்கத்தைப் பார்த்துக்கிட்டே குடிதண்ணிக்கு நடக்கிற சனம் நம்மதான்.

வெள்ளவத்தை வெயில்:

சோலாரை யாரும் தொடேல்லையே? எங்கட பில்டிங் கூரை முழுக்கப் பெனல். "100% புதுப்பிக்கத்தக்க சக்தி" எண்டு லிஃப்டுக்குள்ள போர்ட்டே போட்டிருக்கு.

கணக்குப்பிள்ளை:

எந்தத் திட்டத்தில் இணைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். நெட் பிளஸ் என்றால் கூரையில் விளையும் யூனிட் எல்லாம் கரண்ட் வழங்கும் நிறுவனத்துக்கு விற்பனை. காசு வாங்கியாயிற்று. கட்டடம் பாவிக்கும் கரண்ட் வழமைபோல நுரைச்சோலையும் லக்ஷபானவும் கலந்து வருவதுதான். விற்ற மாட்டின் பாலை நம்முடையது என்று சொல்லலாமா? நெட் எக்கவுண்டிங் என்றால் சொந்தமாகப் பாவித்த பங்குக்கு உரிமை உண்டு. பெனல் நல்லது, வேண்டாம் என்று சொல்லவில்லை. போர்டைத்தான் கழற்றச் சொல்கிறேன்.

பொயிலர்க்காரன்:

2025 சித்திரை வருசப் பிறப்பு லீவில "கூரை சோலாரை ஓஃப் பண்ணி வைங்க" என்று மின்சார சபையே கெஞ்சினது மறந்திரிச்சா? பெக்டரி எல்லாம் பூட்டு, கரண்ட் கேக்க ஆளில்ல, வெயில் மட்டும் கொளுத்துது. அந்த நாட்களையும் சேர்த்தா போர்ட்டில இருக்கிற 100ஐ என்ன செய்றதுன்னு தெரியல்ல.

கொட்டாஞ்சேனைக்காரி:

ரெண்டு கிழமை கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். ஹங்வெல்லவுக்குப் போயிட்டு வந்தேன். கொலன்னாவை அண்ணன் எழுதினதை வாசிச்ச பிறகு நித்திரை வரல்ல, வாழை மரம் இருக்கான்னு பார்க்கத்தான் போனேன். வாழை இல்ல. வேற ஒண்ணு இருந்தது.

எங்க தண்ணி நம்பர் மூணு இடத்தில இருந்து வருது: நீர் வழங்கல் சபை பில், குழாய்க்கிணத்து மீட்டர், பவுசர். பில் சரி. குழாய்க்கிணத்து மீட்டர் ரீடிங் புக்கைப் பார்த்தேன். பதினாலு மாசமா ஒரே வேகத்தில ஏறுது, ஒரு மாசத்துக்கும் மறு மாசத்துக்கும் ஒரு கன மீட்டர் கூட வித்தியாசமில்ல. புத்தாண்டு லீவு மாசம், ஓடர் நிறைஞ்ச மாசம், எல்லாம் ஒண்ணு. எழுதுற தம்பியை மெதுவாக் கேட்டேன். "மீட்டர் ஓடல்ல மிஸ், ஆனா தாள் வெறுமையா இருந்தா ஏசுவாங்க" என்றான். அவன் மேல எனக்குக் கோபம் வரல்ல.

பவுசர்தான் பெரிய கதை. வரட்சி மாசங்கள்ல பவுசரில தண்ணி வாங்குறோம், எனக்குத் தெரியும், ஏன்னா நான் கணக்கில இருந்தப்போ அந்த வவுச்சரை நானே பதிஞ்சிருக்கேன். எந்தக் கணக்குக் குறியீட்டில? "போக்குவரத்து". லொறிக்காரன் பில் என்றதால. அதனால தண்ணி அறிக்கைக்கு அது வரவேயில்ல. ஓர் ஆடைக்கான நீர்ப் பாவனை குறைஞ்சதில என் கைங்கரியமும் உண்டு!

உமிழ்வைப் பிரிச்சுப் போட்டுப் பார்த்தேன், கணக்குப்பிள்ளை சேர் சொன்ன மாதிரி. ஓடர் குறைஞ்சதால எவ்வளவு, ஜெனரேட்டர் நின்னதால எவ்வளவு, காரணி இறங்கினதால எவ்வளவு. மிச்சம் எங்க கையால குறைஞ்சது ரொம்பச் சின்னது, ஆனா இருக்கு. கொண்டன்சேட்டைத் திரும்ப பொயிலருக்குக் கொண்டு வர்ற குழாய் ஒண்ணு போன வருசம் போட்டிருக்காங்க, அது எந்த அறிக்கையிலயும் இல்ல. மெயின்டனன்ஸ் ஆட்களுக்கு அதை எங்க சொல்றதுன்னே தெரியாது. போட்டவர் வர்ற மார்கழியில ரிட்டயராகிறார். நான் கேட்டதும் என்னைக் கையைப் பிடிச்சு இழுக்காத குறையாக் கூட்டிட்டுப் போய் சூடு போகாம லெகிங் சுத்தின குழாயைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

மேலிடத்தில சொன்னேன். "அர்ப்பணிப்பின் பயனாக" வெட்டியாச்சு. பிரிச்ச அட்டவணையை உள்ளே போட மாட்டாங்களாம், குறிப்பில சின்ன எழுத்தில போகும். ஏசி கேஸுக்கும் விறகுக்கும் வரி வந்திருச்சு, ஏசி கேஸ் சேர்ந்ததால மொத்த உமிழ்வு போன அறிக்கையை விடக் கூடித் தெரியும், அதுக்கு ஒரு மணித்தியாலம் ஏச்சு வாங்கினேன். தண்ணிக்கு இந்த வருசம் சதவீதமே இல்ல. "அளவீட்டு முறை மீளாய்வு செய்யப்படுகிறது" என்று மட்டும்.

சந்தையாளன்:

பையர் கேட்டா நான் என்ன சொல்றது?

கொட்டாஞ்சேனைக்காரி:

மீட்டர் பழுது, மாத்துறோம் என்று சொல்லுங்க.

பொயிலர்க்காரன்:

மீட்டரைக் கழற்றிப் பார்த்தீங்களா? என்ன பழுது?

கொட்டாஞ்சேனைக்காரி:

கண்ணாடிக்கு உள்ளுக்கு முழுக்க மண். குளவி கூடு கட்டிட்டுப் போயிருக்கு.

கொலன்னாவைக் கரை:

புதுசு போடுறப்போ கிணத்துக்கு மட்டும் போடாதீங்க பிள்ள. ஓடைக்குப் போற வாயிலயும் ஒண்ணு. உள்ள வர்றதை அளக்கிறவன் ஊருக்கு நூறு பேர் இருக்கான்.

கொட்டாஞ்சேனைக்காரி:

ரெண்டுக்கும் கேட்டிருக்கேன் அண்ணே. மூணு கொட்டேஷன் வேணுமாம்.